கௌட் நோய்க்குச் செர்ரி ஜூஸ் மருந்தாகுமா?

"செர்ரி ஜூஸ் குடித்தால் கௌட் குளிசையை நிறுத்தலாமா, டொக்டர்?" என்று நம்மவர்கள் பலர் எம்மிடம் கேட்கிறார்கள்.

இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, ஊசி போன்ற பளிங்குகளாக மூட்டில் படிவதே கௌட். பெரும்பாலும் கால் பெருவிரல் திடீரென வீங்கிக் கடுமையாக வலிக்கும்.

புளிச் செர்ரிக்குச் சிவப்பு நிறம் தரும் அந்தோசயனின் அழற்சியைத் தணிக்கக்கூடியது. 2012இல் வெளியான பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில் 633 நோயாளிகள் கவனிக்கப்பட்டனர். இரண்டு நாட்கள் செர்ரி உட்கொண்டபோது நோய் தாக்கும் வாய்ப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது; அலோபியூரினோல் குளிசையும் சேர்ந்தபோது 75 சதவீதம். ஆனால் 2020இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், 28 நாட்கள் அருந்தியும் செர்ரிச் சாறு யூரிக் அமிலத்தைக் குறைக்கவில்லை.

ஆகவே சாறு குளிசைக்குத் துணையாகலாம், மாற்றாகாது. குளிசையை நிறுத்தினால் யூரிக் அமிலம் மீண்டும் ஏறும். நாளடைவில் மூட்டு சிதையும்.

நம்மிடையே நீரிழிவும் அதிகம். சீனி சேர்க்காத சாற்றிலும் ஒரு கோப்பைக்குச் சுமார் 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டி சீனி உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் சாற்றுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி பழம் உண்ணலாம்.

தண்ணீர் போதியளவு குடியுங்கள். பியர், ஈரல், இறால் ஆகியவற்றைக் குறையுங்கள். உங்கள் வைத்தியரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தாதீர்கள்.