கொண்டாட்டத்துக்கு மறுநாள்



அவுஸ்திரேலிய ஆரம்பப் பள்ளிகளில் மார்ச் மாதம் வரும் ‘ஹார்மனி டே’ உங்களுக்குப் புதிதல்ல. செம்மஞ்சள் சட்டையோடு சில பிள்ளைகள் வருவார்கள். பாவாடை சட்டை, கிமோனோ, லாவாலாவா என்று தங்கள் உடையில் சிலர் வருவார்கள்.

1999இல் இங்கு தொடங்கிய இந்த நாளுக்கு மார்ச் 21ஐத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. 1960இல் அதே நாளில், தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில்லில், கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது பொலிஸார் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அதை நினைவுகூர்ந்தே ஐ.நா. அந்நாளை இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான நாளாக அறிவித்தது.

ஆகவே உடையும் உணவும் தொடக்கம்தான். மறுநாள் ஒரு பிள்ளை இடியப்பமும் சம்பலும் கொண்டுவரும்போது பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்தினால், முதல்நாள் கைதட்டியதில் பயனில்லை.

நான் ஒரு தாதி. மருந்து கொடுக்குமுன் நோயாளியிடம் பெயர் கேட்பது எங்கள் விதி. அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்லப் பழகிக்கொண்டால், பயந்திருந்த முகமும் இளகும். பள்ளிப் பிள்ளைக்கும் அப்படித்தான்.

வீட்டில் ஆரம்பப் பள்ளிக்குப் போகும் சின்னவர்கள் இருந்தால் இன்றிரவு கேளுங்கள்: “உன் வகுப்பில் தனியே சாப்பிடுவது யார்? அந்தப் பெயரை எப்படிச் சொல்வது?” இருவருமாகச் சொல்லிப் பழகுங்கள். நாளை அந்தப் பெயரைச் சொல்லிப் பக்கத்தில் கூப்பிடட்டும்.