எஞ்சின் ஆயிலுக்குள் சுண்ணாம்பு

போன மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக் கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "என் கார் இரண்டு வருடத்தில் 3,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஆயில் அளவும் குறையவில்லை. அதை எதற்கு சார் மாற்ற வேண்டும்?"

அளவை மட்டும் பார்த்து ஒருமுறை ஏமாந்தவன் நான். அதனால் சற்று விவரமாகவே எழுதுகிறேன்.

எரிபொருளில் உள்ள கந்தகம் எரிந்து, நீராவியுடன் சேர்ந்து கந்தக அமிலமாகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து நைட்ரிக் அமிலம் உண்டாகிறது. சூட்டில் ஆயிலே கெட்டு, வேறு அமிலங்களைத் தருகிறது. இவை பேரிங்கையும் சிலிண்டரையும் அரிக்கும்.

இதற்கான மருந்தை ஆயில் தயாரிக்கும்போதே சேர்த்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். கண்ணுக்குத் தெரியாத அதன் துகள்களைச் சோப்புப் போன்ற மூலக்கூறுகள் சூழ்ந்து, அடியில் படியாமல் காக்கின்றன. அமிலம் வந்தால் சுண்ணாம்பு அதை முறித்துவிடும். நெஞ்செரிச்சலுக்கு ஜெலூசில் சாப்பிடுவது போலத்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுண்ணாம்பு செலவாகிறது. மீதியைக் கார எண் சொல்லும். அது புது ஆயிலின் எண்ணில் பாதிக்கு இறங்கினால் ஆயிலை மாற்றுவது பொதுவான வழக்கம்.

1988-ல் நான் வேலை பார்த்த டீசல் ஷெட்டில், ஓர் ஆல்கோ எஞ்சினின் கார எண் இறங்கிவிட்டதாக ஆய்வுக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. வண்டிகளுக்கு எஞ்சின் போதாத நேரம். அளவுகோலை இழுத்துப் பார்த்தேன். ஆயில் நிறைய இருந்தது. விரலில் வழவழப்பும் இருந்தது. அனுப்பிவிட்டேன். அடுத்து வந்த சீட்டையும் மேஜைக்குள் போட்டேன். பிறகு எஞ்சினைப் பிரித்தபோது, பேரிங்கின் ஈயப் பூச்சில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். குற்றம் என்னுடையதுதான்.

அன்றைய டீசலில் கந்தகம் ஒரு சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் டீசலிலும் பெட்ரோலிலும் பத்து லட்சத்துக்கு 10 பங்குதான். நல்ல மாற்றம். ஆனால் மற்ற அமிலங்கள் போய்விடவில்லை. தில்லிக் குளிரில் காய்கறிக் கடைவரை போய்த் திரும்பும் காரில் எஞ்சின் சரியாகச் சூடாவதே இல்லை. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கி, அரிப்புக்குத் துணை போகிறது.

ஆகவே நண்பருக்குச் சொன்னேன்: "காரோடு தந்த கையேட்டைப் பாருங்கள். கிலோமீட்டருக்குப் பக்கத்தில் மாதக்கணக்கும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதன்படி மாற்றிவிடுங்கள். அளவுகோல் ஆயிலைத்தான் காட்டும், சுண்ணாம்பைக் காட்டாது."