கிரியாட்டினின் நார்மலா? கொஞ்சம் பொறுங்க பாஸ்!

வீட்டுல அப்பாவுக்கோ பாட்டிக்கோ சுகர் இருக்கா? அவங்க கடைசி லேப் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்க. 'சீரம் கிரியாட்டினின்'னு ஒரு வரி இருக்கும். பக்கத்துல போட்டிருக்கிற அளவுக்குள்ள இருந்தா, 'கிட்னி ஓகே'ன்னு ஃபைலை மூடிடுறது நம்ம வழக்கம். அங்கேதான் சிக்கலே!

கிரியாட்டினின் என்பது தசைகளிலிருந்து வரும் கழிவு. கிட்னி அதை வடிகட்டி வெளியே தள்ளும். வடிகட்டுறது குறைஞ்சா ரத்தத்தில் அளவு ஏறும். ஆனா, ரொம்ப லேட்டாத்தான் ஏறும். கிட்னியின் திறனில் பாதி போன பிறகும் ரிப்போர்ட் 'நார்மல்' எனச் சொல்லலாம். நம்ம இன்ஜினீயரிங் பாஷையில், மோட்டார் பாதி கருகின பிறகு அடிக்கிற அலாரம்!

மாமல்லபுரத்தில் உளி பிடிக்கிற 25 வயசுச் சிற்பி, அதே கரையில் மீன் விற்கிற 70 வயசுப் பாட்டி. சும்மா ஒரு கற்பனைக்கு, ரெண்டு பேருக்கும் கிரியாட்டினின் 1.1-ன்னு வெச்சுக்கங்க. 2021-ல் வந்த சூத்திரத்தில் வயசையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் போட்டால், கிட்னி வடிகட்டும் வேகத்தைக் காட்டுகிற 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' சிற்பிக்குச் சுமார் 95. பாட்டிக்கு 54தான்! 60-க்குக் கீழே மூணு மாசத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

இந்தச் சூத்திரத்துக்கும் ஒரு வீக்னஸ். யார் உடம்பில் எவ்வளவு தசைன்னு அதுக்குத் தெரியாது. இங்கேதான் 'சிஸ்டாட்டின் சி' என்ட்ரி. கிட்டத்தட்ட எல்லா செல்களும் உண்டாக்கும் புரதம் இது, தசையை அவ்வளவா நம்பி இல்லை. வசதி இருக்கும் இடங்களில் இதையும் கிரியாட்டினினையும் சேர்த்தே கணக்கிடச் சொல்கிறது, சர்வதேச அமைப்பான 'கேடிகோ'வின் 2024 வழிகாட்டி. அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை, மூணு புரதங்களை அளந்து, யாருக்குக் கிட்னி வேகமாகப் பழுதாகும்னு கணிக்கிறது. டைப் 2 சுகரோடு கிட்னி பாதிப்பும் ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்களுக்கு மட்டும்தான்.

அதெல்லாம் நம்ம தெரு லேபுக்கு வரும்போது வரட்டும். சிறுநீரில் ஆல்புமின் கசியுதான்னு பார்க்கும் டெஸ்ட் இப்பவே இருக்கே! சென்னை நகரத்துச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், 26.9 சதவிகிதம் பேருக்கு இந்த ஆரம்பக் கசிவு. பெரும்பாலும் வலியோ வீக்கமோ எதுவும் காட்டாத கட்டம் இது. இப்பவே பிடிச்சா, சுகரையும் பி.பி.யையும் கட்டுப்படுத்தி, மருந்தும் கொடுத்து, டயாலிசிஸ் வரை போகாமல் பெரும்பாலும் தள்ளிப்போடலாம்.

அதனால, அடுத்த தடவை செங்கல்பட்டு ஜி.ஹெச்.சுக்கு அப்பாவோட போனா, 'யூரின் ஏ.சி.ஆர். பார்க்கலாமா டாக்டர்?'னு நீங்களே கேளுங்க. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினைத் தாண்டினால், இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வாங்க. காலை முதல் சிறுநீர்தான் பெஸ்ட். காய்ச்சல் அடிக்கும்போது வேண்டாம். முதல் நாள் கொளவாய் ஏரிப் பக்கம் ஓவரா ஓடியிருந்தாலும் வேண்டாம், அளவு சும்மாவே எகிறும்!