கன்றுக்குட்டிக்குப் புரதம் எதிலிருந்து?



கறவை மாடு வளர்க்கும் நம் குடும்பங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. மாட்டுக்குக் கலக்கும் தீவனத்திலேயே ஒரு கை எடுத்துக் கன்றுக்கும் வைத்துவிடுகிறோம். அண்மையில் ஒரு சகோதரி எங்களிடம் வந்து, "கன்னுக்கு மூணு மாசம் ஆச்சு அண்ணே. தவிடும் வைக்கோலும் நல்லாத்தான் தின்னுது. வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கு, முதுகெலும்பு தெரியுது" என்று வருந்தினார். அந்தக் கன்றுக்கு இரையில் குறைவில்லை. புரதத்தில்தான் குறை.

இதற்குக் காரணம் கன்றின் வயிற்றில் இருக்கிறது. பெரிய மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் மட்டமான தீவனத்தையும் கூடப் புரதமாக மாற்றிக் கொடுத்துவிடும். பிறந்த கன்றுக்கு அந்த வயிறு இன்னும் வளரவில்லை. ஆகவே சீம்பாலும், பிறகு பாலும்தான் அதன் முதல் புரதம். முதல் மாதத்தில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் நாள்தோறும் வேண்டும். 25 கிலோ கன்றென்றால் இரண்டரை லிட்டர்.

இரண்டாவது வாரத்திலிருந்து கன்றுத் தீவனத்தை ஒரு கைப்பிடி வைத்துப் பழக்கலாம். அதில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாமல் புரதம் இருக்க வேண்டும். மக்காச்சோளத்தில் சுமார் 9 பங்கும், கோதுமைத் தவிட்டில் சுமார் 14 பங்கும்தான் உண்டு. தேங்காய்ப் புண்ணாக்கிலேயே 20 பங்கை ஒட்டித்தான் இருக்கும். இவற்றை மட்டும் எப்படிக் கலந்தாலும் தேவையான அளவு வராது. கடலைப் புண்ணாக்கிலும் சோயாப் புண்ணாக்கிலும் 40 பங்குக்கு மேல் இருக்கிறது. கடலையில் குறைவாக உள்ள லைசின் என்னும் சத்து சோயாவில் நிறைய உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்து வைப்பது நல்லது. பச்சை சோயாவை அப்படியே அரைத்து வைக்கக் கூடாது. அது புரதம் செரிப்பதையே தடுக்கும்.

வீட்டிலேயே கலப்பவர்களுக்கு ஓர் அளவு:

மக்காச்சோளக் குருணை – 45 கிலோ
கடலைப் புண்ணாக்கு (அல்லது பாதி கடலை, பாதி சோயா) – 35 கிலோ
கோதுமைத் தவிடு – 17 கிலோ
தாது உப்புக் கலவை – 2 கிலோ
உப்பு – 1 கிலோ

இதில் ஏறக்குறைய 21 பங்கு புரதம் கிடைக்கும். ஒரே கன்று வைத்திருப்பவர்கள் இதில் பத்தில் ஒரு பங்கைக் கலந்தால் போதும். தீவனத்தைக் கஞ்சியாகக் கரைக்காமல் உலர்வாக வைத்து, பக்கத்தில் நல்ல தண்ணீர் வையுங்கள்.

மூன்று விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். முதலாவது, பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதிலுள்ள நச்சு கன்றின் ஈரலைக் கெடுக்கும். இரண்டாவது, பருத்திக்கொட்டையும் அதன் புண்ணாக்கும். அவற்றிலுள்ள காசிபால் என்னும் பொருளைப் பெரிய மாடு தாங்கும், கன்று தாங்காது. மூன்றாவது, யூரியா கலந்த மாட்டுத் தீவனம். முதல் வயிறு வேலை செய்யாத கன்றுக்கு யூரியா புரதமாகாது, நஞ்சாகும். மூட்டையிலுள்ள சீட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கன்று நாளொன்றுக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை தீவனத்தைத் தொடர்ந்து மூன்று நாள் தின்றால், பாலைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தலாம்.

இன்று விற்கும் ஒரு லிட்டர் பாலுக்குக் கையில் காசு வருகிறது. கன்றின் பங்கைக் குறைத்தால் ஏற்படும் நஷ்டமோ உடனே தெரியாது. இளமையில் மெலிந்த கிடேரி காலம் தாழ்ந்துதான் பருவத்துக்கு வரும், காலம் தாழ்ந்துதான் சினை பிடிக்கும். அத்தனை மாதமும் பால் தராத மாட்டுக்குத் தீவனம் போடுவது நாம்தான். ஒரே மாட்டை நம்பியிருக்கும் வீட்டுக்கு அடுத்த மாடு அந்தக் கன்றுதான். அதன் பங்கை அதற்குக் கொடுத்துவிடுவோம்.