மோர்ட்டன் அலையும் கொரோனாவும்

சூரியப் பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் விரிந்துள்ள கொரோனா என்னும் மெல்லிய வெளிமண்டலமோ பத்து லட்சம் டிகிரியையும் தாண்டிக் கொதிப்பதால், அங்குள்ள அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து, பிளாஸ்மா எனப்படும் மின்னூட்டத் துகள்களின் கலவையாகக் காந்தப்புலத்திற்குக் கட்டுப்பட்டுக் கிடக்கின்றன. முறுக்கேறிய காந்தக் கோடுகள் அறுந்து வேறுவிதமாக இணையும்போது, அவற்றில் தேங்கியிருந்த ஆற்றல் சில நிமிடங்களில் ஒளியாகவும் எக்ஸ் கதிர்களாகவும் பீறிடுவதே சுடர்வெடிப்பு. பெரிய வெடிப்புகளின்போது பெரும்பாலும் பிளாஸ்மாவும் பெருமளவில் விண்வெளிக்கு வீசியெறியப்படுகிறது. இது கொரோனா நிறை வெளியேற்றம் எனப்படும்.

கலிஃபோர்னியாவின் லாக்ஹீட் சூரிய ஆய்வகத்தில், ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் சூரியனைத் தொடர்ந்து படம்பிடித்துவந்த கெயில் மோர்ட்டன், சுடர்வெடிப்பிலிருந்து வில் வடிவ முகப்பொன்று நொடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்து பரவுவதை 1960இல் அறிவித்தார். அந்தச் சிவப்பு ஒளி வருவதோ கொரோனாவுக்குக் கீழேயுள்ள நிறமண்டலத்திலிருந்து. அடர்த்தி மிகுந்த அந்த அடுக்கில் இத்தனை வேகத்தில் நெடுந்தொலைவு செல்லும் அலை விரைவிலேயே அடங்கிப்போக வேண்டும். அலை உண்மையில் கொரோனாவில்தான் செல்கிறது, நடப்பவரின் சேலை விளிம்பு புழுதியைக் கிளப்புவதுபோல் அதன் அடிப்பகுதி நிறமண்டலத்தை அழுத்திச் செல்வதையே மோர்ட்டன் கண்டார் என்று 1968இல் யுடாகா உச்சிடா விளக்கினார். காணாத அலையைக் கணக்கால் கண்ட இவ்விளக்கம் துணிச்சலானது.

1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் புறஊதாப் படக்கருவி, 1997 மே 12 அன்று கொரோனாவில் வளையமொன்று சூரிய வட்டின் பெரும்பகுதிக்குப் பரவுவதைக் காட்டியது. உச்சிடா சொன்ன அலை இதுவே எனத் தோன்றியது. ஆயினும் இத்தகைய வளையங்களின் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 200 முதல் 400 கிலோமீட்டர் வரையே இருந்ததால், இவை அலைகளே அல்ல, வெளியேறும் காந்தக் கட்டமைப்பு விரியும்போது விளிம்பில் குவியும் பிளாஸ்மாவே என ஒரு தரப்பினர் வாதிட்டனர். பூசலுக்குக் கருவியும் ஒரு காரணம் எனலாம்: அது படமெடுத்த இடைவெளி பன்னிரண்டு நிமிடங்களோ அதற்கு மேலோ, நொடிக்கு 1,000 கிலோமீட்டர் செல்லும் அலை அதற்குள் சூரியனின் ஆரத்தையே கடந்துவிடும்.

2010இல் ஏவப்பட்ட எஸ்.டி.ஓ. விண்கலம் பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை படமெடுக்கத் தொடங்கியபின், சில வெடிப்புகளில் முன்னே விரைந்தோடும் அலைமுகப்பும் அதன் பின்னே மெதுவாக விரியும் அடர்ந்த பகுதியும் தனித்தனியே புலப்பட்டன. முன்னது காந்தப்புலத்தின் இறுக்கமும் வாயுவின் அழுத்தமும் சேர்ந்து உந்தும் விரைவலை என்றும், பின்னது நிறை வெளியேற்றத்தின் விளைவு என்றும் இன்று பெரும்பாலோர் கொள்கின்றனர்.

கொரோனாவின் காந்தப்புலத்தை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், வெடிப்புகள் எழுப்பும் அசைவுகள் ஆய்வாளர்களுக்குப் பெருந்துணையாயின. 1998 ஜூலை 14 அன்று நிகழ்ந்த சுடர்வெடிப்பு அருகிலிருந்த கொரோனா வளைவுகளை, அதாவது காந்தக் கோடுகளையொட்டி வளைந்து நிற்கும் பிளாஸ்மா இழைகளை, அதிரச் செய்தது. ஓர் ஊசலாட்டத்திற்கு நான்கரை நிமிடம் அளவில் அவை பக்கவாட்டில் ஆடியதை டிரேஸ் விண்கலம் பதிவுசெய்தது. வளைவின் நீளம், ஆடும் காலம், பிளாஸ்மாவின் அடர்த்தி ஆகிய மூன்றும் தெரிந்தால் அதனுள் உள்ள காந்தப்புலத்தின் வலிமையைக் கணக்கிட்டுவிடலாம். நிலநடுக்க அலைகளைக் கொண்டு பூமியின் உட்பகுதியை அறியும் துறையையொட்டி, இம்முறைக்குக் கொரோனா அதிர்வியல் என்று பெயர்.