பட்டாசுப் பெட்டியில் ஒரு ஃபின்லாந்துப் பறவை

தீபாவளி நெருங்கும் முன்பே சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பட்டாசுக் கடைகளில் விலைப்பட்டியல் அச்சாகி வந்துவிடும். அதை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போவதே ஒரு பொழுதுபோக்கு. குருவி வெடி, லட்சுமி வெடி, பிஜிலி, தரைச்சக்கரம், பூச்சட்டி, சாட்டை, பென்சில் என்று தாத்தா காலத்துச் சரக்கு முதலில் வரும். கீழே போகப் போகப் பெயர்கள் மாறும்: ஹெலிகாப்டர், பட்டர்ஃபிளை, போட்டோ ஃபிளாஷ், ட்ரோன். ‘ஃபேன்சி’ என்று தலைப்பிட்ட அந்தப் பகுதியில் சில ஆண்டுகளாகவே கண்ணில் படும் ஒரு பெயர் ‘ஆங்ரி பேர்ட்’.

அந்தக் கோபக்காரப் பறவை பிறந்தது ஃபின்லாந்தில், எஸ்போ நகரத்தில். ரோவியோ என்ற நிறுவனம் ஐம்பத்தொரு விளையாட்டுகளைச் செய்துபார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டு, கடையைச் சாத்தும் நிலையில் இருந்தது. 52ஆவது விளையாட்டு 2009 டிசம்பரில் ஐஃபோனுக்கு வெளிவந்தது. முட்டையைத் திருடிய பச்சைப் பன்றிகளின் கோட்டையை, உண்டிவில்லில் பறவைகளை வைத்து இழுத்து விட்டு இடிக்க வேண்டும். கதை அவ்வளவுதான். உண்டிவில்லால் புளியங்காய் அடித்து வளர்ந்த கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2013 மார்ச்சில் இதே விளையாட்டு ‘ஆங்ரி பேர்ட்ஸ் டூன்ஸ்’ என்ற கார்ட்டூன் தொடரானது. ஒவ்வொரு பகுதியும் மூன்று நிமிடம்தான். மூன்று பருவங்களில் 104 பகுதிகள். தொலைக்காட்சிக்குத் தந்ததோடு நிற்காமல், விளையாட்டுச் செயலிக்குள்ளேயே கார்ட்டூனையும் வைத்தார்கள். விளையாடிக் களைத்த பிள்ளை அங்கேயே உட்கார்ந்து படம் பார்க்கலாம். பறவைகளும் பன்றிகளும் உறுமும், கீச்சிடும், சிரிக்கும். ஒரு வார்த்தை பேசாது. பேச்சே இல்லாததால் டப்பிங்கும் தேவையில்லை. சிவகாசி பக்கத்துத் திருத்தங்கலில் பார்த்தாலும் ஹெல்சிங்கியில் பார்த்தாலும் ஒரே படம். வியாபாரம் தெரிந்தவர் எடுத்த முடிவு அது.

வீடியோ கேமைக் கார்ட்டூனாக்குவது கேட்பதற்குச் சுலபமாகத் தெரியும். உண்மையில் அது கதையே இல்லாத ஒன்றுக்குக் கதை கட்டும் வேலை. இதை முதலில் செய்துபார்த்தவர்கள் அமெரிக்காவின் ஹன்னா-பார்பெரா நிறுவனத்தார். 1982 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் அவர்களுடைய ‘பேக்-மேன்’ தொடர் தொடங்கியது. விளையாட்டில் பேக்-மேன் என்பது வெறும் மஞ்சள் வட்டம், அதில் ஒரு வாய். புள்ளிகளைத் தின்னும், பேய்களிடமிருந்து ஓடும். வாயை மட்டும் வைத்துக்கொண்டு வாராவாரம் என்ன கதை சொல்வது? மனைவி, குழந்தை, நாய், பூனை, மெஸ்மரான் என்றொரு வில்லன் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். தொடர் இரண்டு பருவங்களில் முடிந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. பின்னால் மாரியோ வந்தார், சானிக் என்ற நீல முள்ளெலி வந்தது.

இந்த வழியில் வந்தவர்களில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது ‘போக்கிமான்’. அது பிறந்த நாடு ஜப்பான் என்பது சிவகாசிக்காரர்களுக்குத் தனிச் சுவை. நேரு வைத்த பெயர் என்று சொல்லி ‘குட்டி ஜப்பான்’ பட்டத்தை இன்றும் சுமக்கிற ஊர் ஆயிற்றே.

போக்கிமானை உருவாக்கியவர் சதோஷி தஜிரி. டோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் வளர்ந்த அவருக்குச் சிறு வயதில் பூச்சி பிடிப்பதுதான் உலகம். ஊர் நகரமாகி, குளமும் வயலும் கட்டடங்களானபோது பூச்சிகள் மறைந்தன. அடுத்த தலைமுறைக்கு அந்த வேட்டையின் சுகத்தை எப்படித் தருவது என்ற யோசனையில் பிறந்தது இந்த விளையாட்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பொன்வண்டைப் பிடித்து, இலைக்கொழுந்து போட்டுத் தீப்பெட்டிக்குள் வளர்த்ததையும், முட்டையிட்டதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்ததையும், பக்கத்து வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொண்டதையும் நினைத்துக்கொண்டால் போக்கிமானின் சாரம் பிடிபட்டுவிடும். தீப்பெட்டிக்குப் பதில் அங்கே பந்து. 1996 பிப்ரவரி 27 அன்று நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்குச் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளாக வந்தது. சிவப்பில் கிடைக்கும் சில உயிரினங்கள் பச்சையில் கிடைக்காது. முழுவதும் சேர்க்க வேண்டுமானால் நண்பனுடைய கருவியோடு கம்பி போட்டு இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஒற்றையாக உட்கார்ந்து ஆடும் விளையாட்டுக்குள் சேக்காளியையும் கட்டாயமாக்கியதுதான் தஜிரியின் சாமர்த்தியம்.

ஓராண்டு கழித்து, 1997 ஏப்ரல் 1 அன்று, டிவி டோக்கியோவில் கார்ட்டூன் தொடங்கியது. விளையாட்டின் நாயகனுக்குத் தனிக் குணம் கிடையாது, ஆடுபவரே நாயகன். கார்ட்டூனுக்கு அது போதாது. ஆகவே பத்து வயதுப் பையன் ஒருவனைப் படைத்து, தஜிரியின் முதற்பெயரையே வைத்து ‘சதோஷி’ என்றார்கள். ஜப்பானுக்கு வெளியே அவன் ‘ஆஷ்’. விளையாட்டில் 151 உயிரினங்களில் ஒன்றாக இருந்த மஞ்சள் எலி பிக்காச்சுவை அவன் தோளில் ஏற்றி உட்கார வைத்தார்கள். அதன் பிறகு நடந்ததுதான் விசேஷம். கார்ட்டூனில் பிக்காச்சுவுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, 1998இல் நின்டெண்டோ விளையாட்டையே திருத்தி ‘மஞ்சள்’ பதிப்பை வெளியிட்டது. அதில் பிக்காச்சு நாயகனின் பின்னாலேயே நடந்து வரும். விளையாட்டிலிருந்து வந்த பிள்ளை, தாய்வீட்டுக்கே சட்டம் சொல்லத் தொடங்கிவிட்டது.

இடையில் ஒரு விபத்தும் நடந்தது. வாணவேடிக்கையால் பிழைக்கும் மாவட்டத்துக்கு அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். 1997 டிசம்பர் 16 மாலை ஒளிபரப்பான 38ஆவது பகுதியில், பிக்காச்சுவின் மின்சாரம் ஏவுகணைகளைத் தாக்கி வெடிக்கிற காட்சி. வெடிப்பைக் காட்டச் சிவப்பையும் நீலத்தையும் நொடிக்குச் சுமார் பன்னிரண்டு முறை மாற்றி மாற்றிப் பளிச்சிட வைத்திருந்தார்கள். சில நொடிகள்தான். அன்றிரவு 685 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வலிப்பு, மயக்கம், வாந்தி. ஒளித் துடிப்பு மூளையின் பார்வைப் பகுதியை ஒரே தாளத்தில் உசுப்பிவிடும்போது, அதற்கு எளிதில் வசப்படும் சிலருக்கு வலிப்பு வரும். சிவப்பு மாறிமாறி வருவது இன்னும் மோசம். இருட்டறையில் திரைக்கு மூக்கை ஒட்டி உட்கார்ந்தால், வேறெதுவும் கண்ணில் படாமல் அந்தத் துடிப்பே பார்வை முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. அந்தப் பகுதி மறுபடி ஒளிபரப்பாகவே இல்லை. அறையில் வெளிச்சம் போட்டு, தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்று ஜப்பானியக் கார்ட்டூன்களின் தொடக்கத்தில் எழுத்து ஓடுவது இதற்குப் பிந்தைய வழக்கம். நம் வீடுகளில் ‘டிவிக்குள்ளேயே போய் உட்காராதே’ என்று பாட்டிமார் போடும் சத்தத்தில் நியாயம் இருக்கிறது.

போக்கிமான் 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தீப்பெட்டி ஒட்டும் வீடுகளுக்கு அது உடனே வந்துவிடவில்லை. அங்கெல்லாம் கார்ட்டூன் நுழைந்ததற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி தரத் தொடங்கியது. 2007 ஏப்ரலில் சன் குழுமத்தின் ‘சுட்டி டிவி’ முழுக்கத் தமிழில் வந்தது. பெட்டியும் வந்தது, பெட்டிக்குள் தமிழும் வந்தது.

சுட்டி டிவியால் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டவள் டோரா. 2000இல் அமெரிக்காவின் நிக்கலோடியனில் தொடங்கிய இந்தத் தொடர் எந்த வீடியோ கேமிலிருந்தும் எடுக்கப்பட்டதல்ல. ஆனால் கணினி விளையாட்டுப் போலவே இருக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்யப்பட்டது. திரையில் நீல அம்புக்குறி ஒன்று வந்து சரியான பதிலில் ‘க்ளிக்’ செய்யும். டோரா கேள்வி கேட்டுவிட்டுப் பார்க்கும் பிள்ளை பதில் சொல்லக் காத்திருப்பாள். கணினியைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் சுட்டியைச் சொடுக்கும் பழக்கத்தை அவளிடம்தான் முதலில் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் ‘பூட்ஸ்’ என்ற குரங்கு தமிழில் ‘புஜ்ஜி’ ஆனது. பொருளிலெல்லாம் கைவைக்கும் நரி ‘குள்ளநரி’ ஆனது. இந்த இரண்டு பெயர் மாற்றங்களுக்காகவே அந்த டப்பிங் குழுவுக்கு ஒரு மாலை போடலாம்.

போக்கிமானுக்குத் தமிழில் வேறொரு நிலைமை. ஆஷுக்கும் அவன் நண்பர்களுக்கும் தமிழ்க் குரல் தேவை, பிக்காச்சுவுக்குத் தேவையில்லை. தன் பெயரையே ஏற்றி இறக்கிப் பேசும் அந்த எலிக்கு ஜப்பானிய நடிகை இகுவே ஓட்டானியின் குரலையே பெரும்பாலான மொழிகளில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். 25 ஆண்டுகளுக்கு மேல் பத்து வயதிலேயே நின்றுவிட்ட ஆஷின் கதை 2023இல் ஜப்பானில் முடிவுக்கு வந்தது. அடுத்து வந்த ‘போக்கிமான் ஹொரைசன்ஸ்’ தொடரில் நாயகி லிகோ, ஒரு சிறுமி. 2024 மே மாதம் ஹங்காமா தொலைக்காட்சியில் இந்தி, தெலுங்கோடு தமிழிலும் அது தொடங்கியது.

இப்போது பட்டாசுப் பெட்டிக்கு வருவோம். கார்ட்டூனின் வருமானத்தில் பெரும்பங்கு ஒளிபரப்பில் இல்லை. பையில், பென்சில் டப்பாவில், சட்டையில், சிப்ஸ் பாக்கெட்டில் அச்சாகும் முகத்தில் இருக்கிறது. படத்தைக் காட்டிச் சரக்கை விற்கும் இந்த வித்தையைச் சிவகாசி யாரிடமும் கற்க வேண்டியதில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் பழகி வந்து 1923இல் இங்கே தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் படத்தைச் சொல்லித்தான் தீப்பெட்டி கேட்பார். ஆகவே லேபிள் முக்கியம். லேபிளுக்காக வந்த அச்சகங்கள் காலண்டருக்கும் வாழ்த்து அட்டைக்கும் வளர்ந்தன. பக்கத்துக் கோவில்பட்டியில் ஓவியர் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் இந்த அச்சகங்கள் வழியாகவே வீட்டுச் சுவர்களுக்குப் போனார்கள். வெடியின் மேல் ஒட்டிய படமே வெடிக்குப் பெயரானதற்கு லட்சுமி வெடி சாட்சி.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்தது. சரவெடிக்கு இடி விழுந்தால், சிறுவர்களுக்கான ஃபேன்சிப் பட்டாசின் பக்கம் உற்பத்தியாளர் திரும்பலாம். அதற்கு ஆண்டுதோறும் புதுப் பெயர் வேண்டும். பெயர் எங்கே கிடைக்கும்? பிள்ளைகள் பார்க்கும் திரையில்தான். முறைப்படி உரிமம் வாங்குவது சிறு உற்பத்தியாளருக்குக் கட்டுப்படியாகாது. ‘பேர்ட்ஸ்’ என்பதை ‘பேர்ட்’ ஆக்குவது, நிறத்தைக் கொஞ்சம் மாற்றுவது எல்லாம் சந்தைக்குப் புதிதில்லை. அது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரோவியோவுக்கு வர வேண்டிய காசைச் சிவகாசி சாப்பிட்டுவிட்டது என்று புலம்பவும் மனம் வரவில்லை.

இன்னொரு கணக்கும் இதில் உண்டு. ஒரு காலத்தில் தீப்பெட்டியில் லேபிள் ஒட்டியதும், சட்டத்தில் குச்சி அடுக்கியதும் பிள்ளைகளின் கைகள். போக்கிமான் வெளியான அதே 1996இல், டிசம்பர் 10 அன்று, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும். சாயங்காலம் கார்ட்டூன் பார்க்க ஒரு பிள்ளைக்கு முதலில் சாயங்காலம் என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா.

அயல்நாட்டுக் கதாபாத்திரத்தை முறையாக வாங்கித் தமிழ் பேச வைத்த வேலையும் இதே ஊரில்தான் நடந்தது. சுட்டி டிவிக்கு 35 ஆண்டுகளுக்கு முன்பு, 1972இல், சௌந்திரபாண்டியன் சிவகாசியில் ‘முத்து காமிக்ஸ்’ தொடங்கினார். பிரிட்டனின் ‘ஸ்டீல் க்ளா’ அதில் ‘இரும்புக்கை மாயாவி’ ஆகி, தமிழ்நாடு முழுவதும் பையன்களின் தூக்கத்தைக் கெடுத்தது. 1984இல் அவருடைய மகன் விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கினார். இத்தாலியின் டெக்ஸ் வில்லரும் பெல்ஜியத்தின் லக்கி லூக்கும் சிவகாசி வழியாகத்தான் தமிழுக்கு வந்தார்கள். உரிமம் ஐரோப்பாவிலிருந்து வரும். தமிழ்ப் புத்தகம் சிவகாசி முகவரியிலிருந்து, ஆண்டுச் சந்தா கட்டியவர்களின் வீடுகளுக்குக் கூரியரில் போகும்.