முகத்துக்கு ஊசி: போட முன் அறிய வேண்டியவை

வயது ஏற ஏற, தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதம் குறைகிறது. கன்னம் ஒட்டுகிறது, மூக்கோரம் கோடு விழுகிறது. அந்தப் புரதத்தை உடலே மீண்டும் உண்டாக்கத் தூண்டும் ஊசிகளில் இரண்டு பிரபலமானவை.

முதலாவது ரேடியஸ். எலும்பில் உள்ளது போன்ற கல்சிய நுண்மணிகள் ஒரு ஜெல்லில் கலந்திருக்கும். ஜெல் இருப்பதால் பள்ளம் அன்றே நிரம்பும். பலன் ஏறத்தாழ ஒரு வருடம் நிற்கும்.

இரண்டாவது ஸ்கல்ப்ட்ரா. கரையும் தையல் நூல்களில் பயன்படும் வகைப் பொருள் இது. போட்டதும் தெரியும் நிரப்பம் சில நாளில் வற்றிவிடும். உண்மையான மாற்றம் மெதுவாக, மாதக்கணக்கில் வரும். சில வார இடைவெளியில் பல தடவை போட வேண்டும். பலன் இரண்டு வருடம் வரை நீடிக்கலாம். அடுத்த மாதம் கல்யாணம் என்றால் இது உதவாது.

இரண்டும் செயற்கைப் பொருட்கள். பழைய கொலாஜன் ஊசிகள் சிலவற்றைப் போல மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்பட்டவையல்ல. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள்.

எதைத் தெரிவு செய்வது என்பதைவிட, யாரிடம் போடுவது என்பதே பெரிய கேள்வி. ஹயலூரோனிக் அமில ஊசி பிழைத்தால் அதைக் கரைக்க மருந்து உண்டு. இவற்றைக் கரைக்க அது உதவாது. உதட்டில் போட்டால் கட்டி தட்டலாம். இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வையே பறிபோகலாம். ஆகவே சலூனில் வேண்டாம். இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற, இதில் பயிற்சியுள்ள வைத்தியரிடம் மட்டும் செல்லுங்கள். மருந்துப் பெட்டியை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள்.